இறுக்கினால் நிற்குமா?

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்கு வரும் உழவு இயந்திரங்களைப் பார்த்திருப்பீர்கள். பெட்டி நிறையச் சனம், பாய், பானை, அரிசி மூட்டை, இடையிடையே நித்திரையாகிப்போன பிள்ளைகள். இப்படியான பெட்டிகளில்தான் 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 2009இன் தொடக்கத்திலும் எமது குடும்பங்கள் கூரைத் தகரத்தையும் நெல் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று போயின. ஈற்றில் இயந்திரத்தையும் கைவிட்டுவிட்டு வட்டுவாகல் பாலத்தால் வெறுங்கையுடன் நடந்தார்கள். முள்ளிவாய்க்காலில் துருப்பிடித்துக் கிடந்த வாகனக் குவியலைப் பிறகு நாம் எல்லோரும் பார்த்தோம். வன்னியில் உழவு இயந்திரம் என்றால் என்னவென்று இச்சஞ்சிகையை வாசிக்கும் உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

ஆயினும் இம்முறை நான் எழுத எடுத்துக்கொண்ட விடயம் மிகச் சிறியது. அந்த இயந்திரத்தின் ஹைட்ரோலிக் குழாய்களைப் பொருத்தும் நட்டுக்களைப் பற்றியது. குருவானவருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. ஒரு குடும்பத்தின் காலபோகம் கெட்டுப்போனதில் எனக்கும் பங்குண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், புரட்டாதி மாதக் கடைசி. முள்ளியவளைப் பக்கத்தில் ஒரு தாய், கணவரை இழந்தவர். மூத்த மகனுக்குப் பத்தொன்பது வயது. மீள்குடியேறிய பின்னர் லீசிங்கில் எடுத்த இந்திய உழவு இயந்திரம் ஒன்றுதான் அவர்களுடைய முழு முதலும். தங்களுடைய மூன்று ஏக்கரைப் புழுதியில் விதைத்துவிட்டு, அயலாருக்கு ஏக்கர் கூலிக்கு உழுது மாதத் தவணையைக் கட்டுவது அவர்களுடைய கணக்கு. மழைக்கு முன் கிடைக்கும் அந்தச் சில நாட்கள்தான் உழைப்புக் காலம் என்பது உங்களுக்குத் தெரியும்.

நான் அந்த வழியால் போனபோது பம்பிலிருந்து பின்பக்கத் தூக்கிக்குப் போகும் இரும்புக் குழாயின் நட்டடியில் ஒயில் கசிந்துகொண்டிருந்தது. மகன் ஏற்கெனவே இரண்டு தரம் இறுக்கியிருந்தான். "பாதர், இன்னும் ஒருக்கா இறுக்கினா நிண்டிடும், கையிலை நல்ல சாவிதான் இல்லை" என்றான். என்னுடைய வாகனத்தில் தண்ணீர்க் குழாய் வேலைக்கு வைத்திருந்த பெரிய பைப் றெஞ்ச் ஒன்று கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். கொடுத்ததுமல்லாமல், "தம்பி, நல்லா இறுக்கு" என்றும் சொன்னேன்.

நட்டு வெடித்தது. அன்று பின்னேரமல்ல, மறுநாள் காலை, கொத்துக் கலப்பையைத் தூக்கும்போது வெடித்தது. ஒயிலில் பெரும்பகுதி வயலில் ஊற்றுண்டது. பழைய குழாயைக் கழற்றிக்கொண்டு மகன் பட்டணத்துக்கு ஓடினான். அங்கே ஒரு கராச்சில் அதற்குப் பதிலாக ஒரு ரப்பர் ஹோஸ் செய்து கொடுத்தார்கள். அதன் புரி வேறு. இரண்டு சுற்றுப் போய் நின்றதைப் பலமாகத் திருகியதில் பம்பின் வாயிலிருந்த புரியும் போயிற்று. அதன்பின் பம்பே வேண்டியதாயிற்று. எல்லாம் முடிந்து இயந்திரம் வயலுக்கு இறங்கப் பதினொரு நாட்கள். ஒன்பதாம் நாள் மழை தொடங்கிவிட்டது. புழுதி விதைப்பு இல்லை, கூலி உழவு இல்லை, தவணை மட்டும் வந்தது.

பிறகு ஒரு நாள் வயதான மெக்கானிக் ஒருவர் அந்தப் பழைய குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குழாயின் விரிந்த வாயில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. "இது எத்தினை பேர் இறுக்கினாலும் நிக்காது, பாதர். குழாயைப் பிடிச்சிருந்த பட்டி எங்கை?" என்று கேட்டார். எஞ்சினோடு சேர்த்துக் குழாயைப் பிடிக்கும் சிறிய தகரப் பட்டி ஒன்று எப்போதோ கழன்று விழுந்திருந்தது. பிடிமானம் இல்லாத குழாய் நாள் முழுவதும் அதிர்ந்து அதிர்ந்து கழுத்தில் வெடித்திருக்கிறது. கசிவு அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள் அதன் வாயை அடைக்கப் பார்த்தோம்.

"ஒழுகினால் இறுக்கு, இன்னும் ஒழுகினால் இன்னும் இறுக்கு" என்ற பழக்கம் எமக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். 1990 முதல் 2002 வரை நீடித்த பொருளாதாரத் தடைக் காலத்தில் நான் சிறுவன். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய காலம் அது. சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணிவிட்டுப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். எண்ணெய்த் தாங்கி ஒழுகினால் சவர்க்காரம் அப்பினார்கள். தண்ணீர்க் குழாய் வெடித்தால் சைக்கிள் ரியூப்பைக் கீறிச் சுற்றிக் கட்டினார்கள். அந்தக் கைவேலை இல்லாவிட்டால் வன்னியில் பம்பும் ஓடியிராது, பயிரும் விளைந்திராது. அந்தத் தலைமுறை மெக்கானிக்மாரை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் சைக்கிள் ரியூப் கட்டுவது தண்ணீருக்குச் சரி. ஹைட்ரோலிக் ஒயிலுக்கு அது சரிவராது.

காரணம் அமுக்கம். மோட்டார் சைக்கிள் ரயரில் இருக்கும் காற்று சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 30 இறாத்தல். உழவு இயந்திரம் பாரம் தூக்கும்போது ஹைட்ரோலிக் குழாயில் சதுர அங்குலத்துக்கு 2,000 இறாத்தலுக்கு மேல் போகலாம். பாரம் இல்லாதபோது அந்த அமுக்கமும் இல்லை. அதனால்தான் முற்றத்தில் நிற்கும்போது துளியும் ஒழுகாத பொருத்து, வயலில் கலப்பையைத் தூக்கும்போது சீறுகிறது. கராச்சில் ஸ்ராட் பண்ணிப் பார்த்து "இப்ப ஒண்டுமில்லை, கொண்டு போங்கோ" என்று சொன்னால் நம்ப வேண்டாம். கலப்பையைக் கொளுவித் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

இந்த அமுக்கத்தினால்தான் மெலிந்த ஒரு பையன் இருக்கையில் இருந்தபடியே ஒரு நெம்பைத் தட்டி, நாலு பேர் தூக்க முடியாத கலப்பையைத் தூக்குகிறான். வட அயர்லாந்தில் பிறந்த ஹரி பேர்கசன், மூன்று புள்ளி இணைப்பையும் ஹைட்ரோலிக் தூக்கியையும் ஒன்றாக்கிய உழவு இயந்திரத்தை 1936இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்னர் கலப்பையை இயந்திரத்தின் பின்னால் கட்டி இழுத்தார்கள். கொழு ஒரு அடிமரத்தில் மாட்டினால் முன்சில்லு எழும்பி இயந்திரம் பின்பக்கமாகக் குப்புற விழுந்து ஓட்டுபவரைக் கொன்றுவிடும். பாலையும் முதிரையும் வெட்டிய காட்டுக் காணியை முதல் உழவு உழுதவர்களுக்கு அந்தப் பயம் புரியும்.

எங்கள் ஊர்களில் நீண்டகாலம் உழைத்த மாசி பேர்கசன் வகைகளில் பம்ப் பின்பக்கப் பெட்டிக்குள் ஒயிலில் மூழ்கியே இருக்கும். வெளியில் குழாய்கள் குறைவு. ஆகவே ஒழுகுவதும் குறைவு. பிற்காலத்தில் வந்த பல இயந்திரங்களில் பம்ப் எஞ்சினோடு வெளியில் நிற்கிறது. பின்பெட்டியிலிருந்து ஒயிலை உறிஞ்சிவர ஒரு குழாய், அமுக்கத்துடன் தள்ள இன்னொரு குழாய். இது திருத்துவதற்கு வசதியான ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு பொருத்தும் சேற்றுக்கும், வெயிலுக்கும், நந்திக்கடற்கரை உப்புக் காற்றுக்கும் திறந்தபடி இருக்கிறது.

இந்த இரண்டு குழாய்களும் இரண்டு விதமாகப் பழுதாகும். தள்ளும் குழாய் வெளியே ஒழுகும், கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சும் குழாயின் பொருத்துத் தளர்ந்தால் வெளியே ஒரு துளியும் வராமல் இருக்கலாம்; உள்ளே காற்றை இழுக்கும். ஒயில் நுரைத்துப் பால்போல வெளுக்கும், தூக்கி நடுங்கி நடுங்கி எழும்பும், பம்ப் கத்தும். "பம்ப் செத்துப்போச்சு" என்று புதுப் பம்ப் வாங்கியவர்களை நான் அறிவேன். உறிஞ்சும் குழாயின் கிளிப்பை மாற்றியிருந்தால் போதும். பம்புக்குக் காசு கட்ட முன்னர் அந்தக் கிளிப்பையும் வாசரையும் ஒருமுறை பாருங்கள்.

இனி, எப்படிப் பூட்டுவது என்பதற்கு வருகிறேன். அந்த வயதான மெக்கானிக்கிடம் கேட்டும், பிறகு புத்தகங்களைப் பார்த்தும், கையில் ஒயில் பூசியும் நான் படித்தவை இவை.

கழற்ற முன்னர் கலப்பையை நிலத்தில் இறக்கி வையுங்கள். எஞ்சினை நிற்பாட்டிய பின்னரும் நெம்பை மேலும் கீழும் இரண்டு மூன்று தரம் அசையுங்கள்; உள்ளே சிறைப்பட்ட அமுக்கம் போய்விடும். தூக்கி நிற்கும் கலப்பைக்குக் கீழே எக்காரணம் கொண்டும் புகவேண்டாம். பின்னர் நட்டைச் சுற்றியுள்ள சேற்றை டீசலும் தூரிகையும் கொண்டு துப்புரவாகக் கழுவுங்கள். இதைப் பலர் நேர விரயம் என்று நினைக்கிறார்கள். பம்புக்குள்ளும் வால்வுக்குள்ளும் உள்ள இடைவெளிகள் மயிரிழையிலும் மெல்லியவை. ஒரு மணல் போனாலும் கீறிவிடும். கழற்றிய வாய்களைத் துணியால் அடைக்க வேண்டாம். துணியின் நூல் உள்ளே போகும். துப்புரவான பிளாஸ்ரிக் மூடியோ, பொலித்தீன் உறையும் ரப்பர் வளையமுமோ போதும்.

அடுத்தது புரி. எமது வன்னியில் ஓடும் இயந்திரங்களில் பிரித்தானிய அங்குலப் புரி, அமெரிக்க அங்குலப் புரி, மில்லிமீற்றர் புரி மூன்றும் கலந்து கிடக்கின்றன. கால் அங்குலப் பிரித்தானியக் குழாய்ப் புரியில் ஒரு அங்குலத்துக்கு 19 சுற்று. அமெரிக்கப் புரியில் 18. அரை அங்குலத்தில் இரண்டுக்கும் 14 சுற்றுத்தான், ஆனால் பல்லின் சரிவு ஒன்றில் 55 பாகை, மற்றதில் 60 பாகை. ஆகவே ஒன்றுக்குள் ஒன்று கொஞ்சத்தூரம் போகும், பொருந்தியதுபோலக் காட்டும். சரியான நட்டு விரலாலேயே கடைசிவரை போகும். இரண்டு மூன்று சுற்றிலே விரலுக்குப் பிடிகொடாவிட்டால் அது உங்களுடைய நட்டல்ல. சாவியை எடுக்க வேண்டாம், கழற்றுங்கள். இந்த ஒரு விடயம் அன்று எனக்குத் தெரிந்திருந்தால் அந்தத் தாயின் பம்ப் தப்பியிருக்கும்.

வெள்ளை ரேப் சுற்றும் பழக்கத்தையும் விட வேண்டும். தண்ணீர்க் குழாய்ப் புரி கூம்பி ஒடுங்கும். அங்கே புரிதான் நீரை மறிக்கிறது, ரேப் உதவும். உழவு இயந்திரத்தின் பெரும்பாலான ஹைட்ரோலிக் பொருத்துக்களில் ஒயிலை மறிப்பது புரியல்ல. குழாயின் விரிந்த வாய் எதிர்க் கூம்பில் அமர்ந்து மறிக்கிறது. அல்லது ஒரு செப்பு வாசர், ரப்பர் பதித்த வாசர், ஓ-றிங் மறிக்கிறது. நட்டின் வேலை அவற்றை அமர்த்திப் பிடிப்பது மட்டுமே. அமரும் இடத்தில் கீறலோ மணலோ இருந்தால் ரேப்பால் ஒரு பயனுமில்லை. கிழிந்த ரேப் துண்டு ஒயிலோடு போய் வால்வை அடைக்கும். ஓ-றிங்கை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள், போட முன்னர் ஒயில் தடவுங்கள். செப்பு வாசர் கிடைக்காத இடத்தில் பழையதை அடுப்பில் செந்தணலாகக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இளகிவிடும். தட்டையாக இருந்தால் இன்னொரு முறை உழைக்கும். தடைக்காலத்துக் கைவேலைகளில் இன்றும் சரிவரும் ஒன்று இது.

கூம்பில் அமரும் பொருத்தை எவ்வளவு இறுக்குவது? விரலால் முடியுமட்டும் இறுக்குங்கள். நட்டிலும் அது அமரும் பாகத்திலும் சேர்த்து நேராக ஒரு கோடு கீறுங்கள். நட்டுக்கு ஆறு முகம். இரண்டு சாவி எடுங்கள். ஒன்றால் எதிர்ப்பக்கத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றதால் நட்டை ஒரு முகம் தொடக்கம் இரண்டு முகம் வரை திருப்புங்கள். சிறிய குழாய்க்கு இரண்டை அண்டியும், பெரிய குழாய்க்கு ஒன்றை அண்டியும் போதும். அதாவது ஒரு முழுச் சுற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. பைப் றெஞ்சும், சாவிக்குக் கொளுவிய நீளக் குழாயும் இங்கே வேண்டாம். கோட்டை அழிக்காமல் விடுங்கள். நட்டுத் தளர்ந்தால் கோடு விலகிக் காட்டும். அந்த வீட்டில் மகள் தன்னுடைய சிவப்பு நகப்பூச்சால் கோடு போட்டிருக்கிறாள். சோக்கட்டி மழையில் போய்விடும், நகப்பூச்சு போகாது. இது நான் அவளிடம் படித்தது.

இரண்டாவது சாவி ஏன் என்றால், ஒரு சாவியால் மட்டும் திருகும்போது நட்டோடு ஹோஸும் முறுகும். முறுகிய ஹோஸ் அமுக்கம் வரும்போது நிமிரப் பார்த்து நட்டைத் தளர்த்தும். ஹோஸின் நீளத்துக்கு அச்சடித்திருக்கும் எழுத்துவரி நேராக ஓடினால் முறுகல் இல்லை. ஹோஸை இழுத்துக் கட்டவும் கூடாது. அமுக்கம் வரும்போது அது சற்றுக் குறுகும், அதற்கு இடம் விடவேண்டும்.

புதிய ஹோஸ் வாங்கும்போது பழையதைக் கொண்டு போங்கள், நீளத்தை மட்டும் சொல்லிக் கேட்க வேண்டாம். உள்ளே உருக்குக் கம்பிப் பின்னல் ஒன்றா இரண்டா என்று கேளுங்கள். அரை அங்குல ஹோஸில் ஒற்றைப் பின்னல் ஏறத்தாழ 2,300 இறாத்தலுக்கும், இரட்டைப் பின்னல் ஏறத்தாழ 4,000 இறாத்தலுக்கும் செய்யப்படுவது வழமை. தண்ணீர் ஹோஸும் கிளிப்பும் ஒருநாளும் அங்கே போகக்கூடாது.

இதுவரை சொன்னவை பணத்தையும் போகத்தையும் காப்பதற்கு. இனிச் சொல்வது கையைக் காப்பதற்கு. எங்கே ஒழுகுகிறது என்று விரலால் தடவிப் பார்க்கும் பழக்கம் எம் எல்லோருக்கும் உண்டு. ஊசித்துவாரத்தால் சீறும் ஒயில் கண்ணுக்குத் தெரியாது. அது தோலைத் துளைத்துச் சதைக்குள் போகும். டீசல் இன்ஜெக்டர் குழாயும் இப்படியே. பார்த்தால் ஊசி குத்தியது போல ஒரு புள்ளி; நோவும் முதலில் பெரிதாக இராது. சில மணி நேரத்தில் விரல் வீங்கி, உள்ளே சதை அழுகத் தொடங்கும். விரலை, சிலவேளை கையையே, வெட்டவேண்டி வரும். ஏற்கெனவே எத்தனை கைகளையும் கால்களையும் இழந்த மக்கள் நாம். ஒரு காட்போட் மட்டையையோ பலகைத் துண்டையோ குழாயோரமாகப் பிடித்துப் பாருங்கள். ஒயில் அதில் படும். தப்பித்தவறித் தோலில் குத்திவிட்டால் மஞ்சள் பூசிக் காத்திருக்க வேண்டாம். உடனே மாஞ்சோலை வைத்தியசாலைக்குப் போய், "அமுக்கத்தில் ஒயில் உள்ளே போய்விட்டது" என்ற சொற்களையே சொல்லுங்கள். சின்னக் காயம் என்று வரிசையில் கடைசியாக இருந்துவிடாதீர்கள். சத்திரசிகிச்சைக்கு முந்திய ஒவ்வொரு மணியும் விரலின் கணக்கில் போகிறது.

இவையெல்லாம் கராச்காரரின் வேலை, கமக்காரர் ஏன் படிக்கவேண்டும் என்று ஒரு கூட்டத்தில் என்னைக் கேட்டார்கள். என்னுடைய அபிப்பிராயம் வேறு. மீள்குடியேற்றத்தின் பின்னர் எமக்கு இயந்திரங்கள் வந்தன. இந்திய அரசு மாத்திரம் வட மாகாணத்தின் கமநல நிலையங்களுக்கும் அமைப்புகளுக்கும் 500 உழவு இயந்திரங்களைக் கருவிகளுடன் வழங்கியது. தொண்டு நிறுவனங்களும் தம்மால் இயன்றதைக் கொடுத்தன; அவற்றில் எமது அலுவலகமும் ஒன்று. கையளிப்பு வைபவத்துக்குப் பதாகை கட்டினோம், படம் எடுத்தோம், அறிக்கை எழுதினோம். எந்த அறிக்கையிலும் "இரண்டு சாவி" என்ற வரியை நான் எழுதியதாக ஞாபகமில்லை. எத்தனை இயந்திரம் கொடுத்தோம் என்று எண்ணினோம். நாலாவது வருடம் எத்தனை ஓடுகிறது என்று எண்ணவில்லை. 2022இல் ரூபா விழுந்து, உதிரிப்பாகங்களின் விலை ஏறி, டீசலுக்கும் வரிசையில் நின்றபோதுதான் அந்தப் பிழை எனக்கு முழுதாக விளங்கியது. புதிதாக வாங்க முடியாத காலத்தில் உள்ளதைத் திருத்தத் தெரிந்தவனே உழுதான்.

கேப்பாப்புலவு மக்களைப் போலச் சொந்தக் காணிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு இது இன்னும் கடுமையானது. மெனிக் பாம் முகாம் 2012 புரட்டாதியில் மூடப்பட்டபோது அவர்கள் வந்து சேர்ந்தது தங்கள் வயலுக்கல்ல, மாதிரிக் கிராமத்துக்கு. வயல் இல்லாதவருக்கு இயந்திரத்தின் கூலி உழவே வயல். அது ஒரு வாரம் நின்றால் அடுப்பும் நிற்கிறது.

ஆகவே ஒவ்வொரு கமக்காரர் அமைப்பிலும் ஒரு பெட்டி இருக்கவேண்டும் என்று கேட்கிறேன். அங்குலச் சாவி ஒரு தொகுதி, மில்லிமீற்றர்ச் சாவி ஒரு தொகுதி, புரி அளக்கும் அளவி ஒன்று, செப்பு வாசரும் ஓ-றிங்கும் பல அளவுகளில், வாய் மூடிகள், குழாய் பிடிக்கும் பட்டிகள். ஏக்கருக்கு ஒரு சிறு தொகை சேர்த்தால் ஒரு போகத்தில் வாங்கிவிடலாம். பெட்டியின் திறப்பு, வேலை தெரிந்த ஒருவரிடம் இருக்கவேண்டும். அமைப்பின் தலைவரிடம் இருக்கத் தேவையில்லை. பொருளாளர்மார் கோபிக்க வேண்டாம். கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் வாகன, இயந்திரத் தொழில்களைக் கற்பிக்கிறார்கள். எமது ஊர்ப் பிள்ளைகள் ஓரிருவராவது அங்கே போகவேண்டும். பெண்பிள்ளைகளும் போகலாம். பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் இவ்வளவு உள்ள மாவட்டத்தில், சாவி பிடிப்பது ஆண்களின் வேலை என்று சொல்லிக்கொண்டிருக்க எமக்கு வசதியில்லை. மேற்சொன்ன நகப்பூச்சுக்காரிதான் இன்று அந்த வீட்டு இயந்திரத்தின் பொருத்துக்களைப் பார்க்கிறாள். அண்ணன் ஓட்டுகிறான்.

எமது நிலையத்தில் இப்படி ஒரு பெட்டியைத் தொடங்கியிருக்கிறோம். ஆவணி மாத ஞாயிறுகளில் பின்னேரம் நாலு மணிக்கு வற்றாப்பளை, முள்ளியவளை, தண்ணீரூற்றுப் பகுதிக் குடும்பங்கள் இயந்திரத்துடன் வரலாம். கலப்பையையும் கொளுவிக்கொண்டு வாருங்கள். பாரமில்லாமல் பார்த்துப் பயனில்லை. பெட்டியில் பத்தொன்பது மில்லிமீற்றர்ச் சாவி ஒன்றுதான் இருக்கிறது, இரண்டு வேண்டும். மேலதிகமாக வைத்திருப்பவர்கள் வரும்போது எடுத்து வந்தால் நல்லது. என்னுடைய பைப் றெஞ்ச் கிணற்றடியில் இருக்கிறது. தண்ணீர்க் குழாய் வேலைக்கு மட்டும் தரப்படும்.